மழைக்கு இரண்டு வாசல் உள்ள ஊர்

கண்டிக்கு வருவதற்கு எந்த மாதம் நல்லது என்று யாராவது கேட்டால் நான் மாதத்தின் பெயரைச் சொல்வதில்லை. "எதைப் பார்க்காமல் போனால் உங்களுக்கு மனக்குறை இருக்காது?" என்று திருப்பிக் கேட்பேன். டொரண்டோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் கூப்பிடும் மருமக்களுக்கு இது எரிச்சலூட்டும். "என்ன மாமா, நாங்க ஒன்னு கேட்டா நீங்க ஒன்னு கேக்குறீங்களே" என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் வாத்தியார் புத்தி போகவில்லை என்று அந்தப் பக்கம் சிரிப்பதும் எனக்குக் கேட்கும்.

அவர்களுடைய பட்டியல் நீளமானது. மழை வேண்டாம், ஆனால் மலை பச்சையாக இருக்க வேண்டும், அருவியில் தண்ணீர் கொட்ட வேண்டும். பெரஹெர ஊர்வலத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் கூட்டம் கூடாது, ஹோட்டல் மலிவாகக் கிடைக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையாகவும் இருக்க வேண்டும். இத்தனையும் ஒன்றாக வந்து விழும் மாதம் கண்டியின் நாட்காட்டியில் இல்லை.

காரணம் காற்று. இலங்கைக்கு மழை கொண்டுவரும் பருவக்காற்று இரண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வருவது கொழும்பையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வருவது யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு எல்லாவற்றையும் நனைத்துவிட்டு மலையேறும். கடலோர ஊர்களுக்குக் கணக்கு எளிது. ஒரு கரையில் மழை என்றால் மறுகரையில் வெயில். காலிக்கு ஜனவரி, திருகோணமலைக்கு ஜூலை என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம். கண்டி நடுவில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் குன்றுகள், மூன்று பக்கமும் வளைந்தோடும் மகாவலி. முன்வாசலும் பின்வாசலும் திறந்து கிடக்கும் வீட்டைப் போல, இரண்டு திசைக் காற்றும் இங்கே கொஞ்சம் கொஞ்சம் நுழைந்து பார்க்கும். ஆனால் பெருமழை கொட்டுவது அவை இரண்டுக்கும் இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பரில். காலையில் வெயில் பளீரென்று அடிக்கும். நண்பகல் தாண்டியதும் ஹந்தானை மலை கறுக்கத் தொடங்கும். பள்ளி விட்டுப் பிள்ளைகள் பஸ் ஏறுமுன் மழை முந்திக்கொள்ளும்.

அதே ஊரிலிருந்து கிழக்கே திகன, தெல்தெனியப் பக்கம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் மண்ணின் நிறமும் மரங்களும் மாறியிருக்கும். ஜூலையில் இங்கே தூறும்போது அங்கே புல் காய்ந்து கிடக்கும். 1980களில் விக்டோரியா அணை கட்டியபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. வறட்சி நீண்ட ஆண்டுகளில் நீர்மட்டம் இறங்கி, பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளியே தெரியும். எந்தப் பயண வழிகாட்டியும் வறட்சியைப் பார்த்து வரச் சொல்லாது. அந்த நகரத்தில் பிறந்தவருக்கோ, தன் தெருவை மறுபடி பார்க்க வேறு காலமே கிடையாது.

சரி, பெரஹெர. கண்டி என்றதும் வெளிநாட்டிலிருப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எசல பெரஹெர பௌர்ணமிக் கணக்கில் வருவது. ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ விழும். முதல் ஐந்து இரவுகள் கும்பல் பெரஹெர, அடுத்த ஐந்து இரவுகள் ரந்தோலி பெரஹெர. நாளுக்கு நாள் யானைகளும் மேளக்காரரும் நடனக்காரரும் பெருகிக்கொண்டே போவார்கள். கடைசி ரந்தோலி இரவில் தலதா வீதி நடைபாதையில் இடம் வேண்டுமென்றால் மதியத்துக்கு முன்பே பாய் விரித்து உட்கார வேண்டும். பணம் உள்ளவர்கள் மாடிகளில் நாற்காலிக்குக் கொடுக்கும் விலையைச் சொன்னால் ஊர்க்காரர்களுக்கு மயக்கம் வரும். அந்தப் பத்து நாட்களும் ஹோட்டல் அறையின் வாடகை வேறு நாட்களின் வாடகையோடு ஒட்டாது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. "பெரஹெர நேரம் மழை பெய்யுமா மாமா?" என்று கவலையோடு கேட்பார்கள். பெரஹெரவின் பழைய நோக்கங்களில் ஒன்றே மழை வேண்டுவதுதான். எல்லாம் முடிந்ததும் கெட்டம்பேயில் மகாவலிக்குள் இறங்கி, வாளால் நீரை வெட்டி, அந்த நீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். ஊரே மழை கேட்டு வீதி வலம் வருகிறது. பார்க்க வந்தவர் மழை வராமல் இருக்க வேண்டுகிறார். இரண்டு வேண்டுதலில் எதைத் தெய்வம் கேட்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. குடையைக் கொண்டுவாருங்கள்.

தமிழர்கள் பெரஹெரவில் தவறவிடக்கூடாதது யானை அல்ல என்பது என் கட்சி. புத்தரின் புனித தந்தத்தை வைத்திருக்கும் தலதா மாளிகையின் ஊர்வலத்துக்குப் பின்னால் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரிசையாக வரும்: நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி. கதிர்காமத் தேவாலயத்தின் முறை வரும்போது காவடி ஆடி வருவார்கள். கடைசியில் பத்தினி. அவள் நம்முடைய கண்ணகி. மதுரையை எரித்தவள் கண்டி வீதியில் பெண்கள் சூழ, அமைதியாக, எல்லோருக்கும் கடைசியாகப் போவாள். அதற்குள் பாதிக் கூட்டம் எழுந்து பஸ்ஸுக்கு ஓடியிருக்கும். பெரிய யானையையும் கடைசி இரவின் பிரம்மாண்டத்தையும் விட்டுவிட மனம் உள்ளவர்கள், கும்பல் இரவுகளில் ஒன்றில் வந்து கடைசி வரை உட்கார்ந்திருங்கள் என்பேன். கேட்பவர் குறைவு.

2020இல், கொரோனா காலத்தில், பார்வையாளரை விடாமலே பெரஹெர நடந்தது. தீப்பந்தங்களும் மேளங்களும் ஆளில்லாத வீதிகளில் போனதை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். நாற்காலிகள் இல்லாத அந்த வீதி எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் ஹோட்டல் நடத்துபவர்கள் கோபிப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே வருகையில் கேட்கும் ஆசை புதிதல்ல. 1922 மார்ச்சில் இங்கிலாந்தின் வேல்ஸ் இளவரசர் கண்டிக்கு வந்தார். எசல மாதத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. காத்திருக்கச் சொல்ல முடியுமா? அவருக்காகவே மார்ச்சில் ஒரு பெரஹெர நடத்திக் காட்டினார்கள். அந்த இரவு கூட்டத்தில் ஆங்கில எழுத்தாளர் டி. எச். லாரன்ஸும் இருந்தார். அதைப் பற்றி அவர் எழுதிய 'எலிபென்ட்' என்ற கவிதையில் இளவரசர் வெளிறி, களைத்துப் போனவராகத்தான் தெரிகிறார். பருவத்தையே தன்னிடம் வரவழைத்தவருக்கு அதை அனுபவிக்கத் தெம்பில்லை. பின்னாளில் எட்டாம் எட்வர்டாக முடிசூடுமுன்பே முடியைத் துறந்தவர் அவர்தான். லாரன்ஸுக்கும் கண்டி ஒத்துவரவில்லை. மார்ச்சும் ஏப்ரலும் இங்கே புழுங்கும் மாதங்கள்; ஆறு வாரம் அளவில் வெப்பத்தைத் திட்டிக்கொண்டே ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்.

இன்னும் இரண்டு எழுத்தாளர்களைச் சொல்கிறேன். இருவரும் வந்தது நாங்கள் யாருக்கும் பரிந்துரைக்காத நவம்பரில். 1890இல் அந்தோன் செக்கோவ். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், கைதிகளை அடைத்துவைத்த சகாலின் தீவைப் பார்த்துவிட்டுக் கடல் வழியாக ஊர் திரும்பும் வழியில் சில நாட்கள் இலங்கையில் தங்கினார். சொர்க்கம் இருந்த இடம் இதுதான் என்ற பொருளில் நண்பருக்கு எழுதினார். 1911இல் ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே. அவருடைய தாய்வழிப் பாட்டனார் மலையாள அகராதி செய்த ஹெர்மன் குண்டர்ட். தாய் பிறந்தது மலபாரில். பாட்டனாரும் தாயும் சொல்லக் கேட்டு மனதில் கட்டிவைத்திருந்த கிழக்கைத் தேடி வந்தவருக்குக் கண்டியில் வாய்த்தது வயிற்றுக் கடுப்பும் ஏமாற்றமும். நுவரெலியாவுக்குப் போய்ப் பீதுருதாலகால மலையில் ஏறியதைத்தான் மனம் நிறைந்து எழுதினார்.

ஒரே ஊர், ஒரே மாதம். சகாலினிலிருந்து வந்தவர் எதையும் எதிர்பார்த்து வரவில்லை, அதனால் கிடைத்ததெல்லாம் லாபம். ஹெஸ்ஸே எதையும் விட்டுக்கொடுக்கும் மனநிலையில் வரவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் உயர்தர வகுப்பில் கணிதமா, விஞ்ஞானமா, கலையா என்று பிரிவு தேர்ந்தெடுக்க வந்த பிள்ளைகளிடமும் இதையேதான் பார்த்தேன். என்ன வேண்டும் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. எதை விடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் படிவத்தை நிரப்பிய பிள்ளைகள்தான் பிறகு தெருவில் கண்டால் சிரித்த முகத்தோடு நின்று பேசினார்கள். மற்றவர்கள், மருத்துவர் ஆனவர்கள் கூட, "அன்னைக்கு கலைப் பிரிவு எடுத்திருக்கலாம் சேர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

நவம்பரைப் பற்றி விளையாட்டாகப் பேச 2025க்குப் பிறகு எனக்கு மனம் வருவதில்லை. அந்த நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மலைச்சரிவுகள் வீடுகளோடு இறங்கின. மலைநாட்டு ரயில்பாதை பல இடங்களில் அறுந்து தொங்கியது. அந்த மாதங்களில் வருவதாக இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. சிவப்பு என்றால் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களையே வெளியேறச் சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். அறைக்கு முற்பணம் கட்டிவிட்டேன் என்று அப்போது யாரும் பிடிவாதம் பிடிக்கக்கூடாது.

ஏப்ரலைக் கேட்பவர்கள் நுவரெலியாப் பூக்களை நினைத்துக் கேட்கிறார்கள். வழியில் கண்டியையும் பார்த்துவிடலாம் என்ற திட்டம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சில நாட்கள் கண்டிக் கடைகள் பாதி பூட்டியிருக்கும், பஸ்ஸும் குறையும். 2025 ஏப்ரலில் இன்னொன்று சேர்ந்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 18ஆம் தேதியிலிருந்து 27ஆம் தேதி வரை, புனித தந்தத்தைப் பொதுமக்கள் தரிசிக்க வைத்தார்கள். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த சனம் இரவு பகலாக வரிசையில் நின்றது. அந்த வாரம் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்ட சுற்றுலாக்காரர்கள் முணுமுணுத்தார்கள். வரிசையில் நின்ற கிழவிகள் முணுமுணுத்து நான் பார்க்கவில்லை. தெரு ஓரத்து வீடுகளிலிருந்து அவர்களுக்குத் தண்ணீரும் பிளேன்டீயும் போய்க்கொண்டே இருந்தது.

பூவைப் பார்க்க வேண்டுமென்றால் நுவரெலியா வரை போகவும் வேண்டாம். மார்ச், ஏப்ரலில் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் ரொபரோசியா மரங்கள் இலையுதிர்த்து இளஞ்சிவப்பாய் நிற்கும். சில நாட்கள்தான், ஒரு நல்ல மழை பெய்தால் பூவெல்லாம் தரையில். பக்கத்தில், 1821இல் தொடங்கிய பேராதனைப் பூங்காவில் தாளிப்பனைகள் இருக்கின்றன. அந்த மரம் பல பத்தாண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உச்சியில் பெருங்கொத்தாய்ப் பூத்து, காய்த்து, செத்துப்போகும். எந்த ஆண்டில் பூக்கும் என்று தோட்டக்காரருக்கே தெரியாதபோது உங்கள் விமானச் சீட்டில் எந்தத் தேதியைப் போடுவது?

மருமகன் ஒருவன் என்னைப் பாரிஸுக்குக் கூப்பிட்டபோது அவனும் மாதம் சொன்னான். ஏப்ரல் கடைசி, மே மாதம், வசந்தம், மரமெல்லாம் துளிர்த்திருக்கும். நான் ஆகஸ்ட் கடைசியில் வருகிறேன் என்றேன். ஆகஸ்டில் பாரிஸ்காரர்களே ஊரில் இருக்கமாட்டார்கள், பாதிக் கடைகள் விடுமுறைக்குப் பூட்டியிருக்கும் என்று எச்சரித்தான். லா சப்பல் பக்கம் மாணிக்க விநாயகர் கோவில் தேர் அப்போதுதான் ஓடும். ஈபல் கோபுரத்தை மழையில் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அந்தத் தெருவில் தேங்காய் உடைப்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கிருந்தது. போனேன். போர் துரத்திய பிள்ளைகள் பிரெஞ்சுப் பொலிஸ்காரர் பாதை விலக்கிக் கொடுக்க வடம் பிடித்ததைப் பார்த்தேன். வசந்தம் எப்படி இருக்கும் என்று இன்றைக்கும் தெரியாது. அதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

ஆகவே யாராவது பெரஹெர இல்லாவிட்டால் பரவாயில்லை, அருவி மெலிந்திருந்தாலும் பரவாயில்லை என்று சொன்னால், நானே ஆசையோடு மாசி மாதத்தைச் சொல்வேன். கண்டியில் மழை மிகக் குறைந்த மாதங்களில் பெப்ரவரியும் ஒன்று. இரவில் ஒரு போர்வை வேண்டும், பகலில் சட்டை நனையாது. உடவத்தகலே காட்டில் அட்டை அதிகம் ஏறாது. கராம்பு மரம் உள்ள வீடுகளில் பறித்த மொட்டை வாசலில் காயப்போட்டிருப்பார்கள். அந்த வாசனைக்கு எந்த ஹோட்டலும் காசு கேட்காது. அதற்கும் மேலாக, மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் ஐந்து தேர்கள் வீதிக்கு வரும். கண்டியிலிருந்து 26 கிலோமீட்டர். தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னாரில் கரையிறங்கிக் காடு வழியே நடந்த எங்கள் முன்னோருக்கு, மலை தொடங்கும் ஊர் மாத்தளை. பாதையில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் எத்தனையோ பேரைப் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர்களின் அம்மன் அவள்.

அவர்களும் பருவம் பார்த்து வந்தவர்கள்தான். அது கோப்பிக் காலம். பழம் பறிக்கும் மாதங்களுக்கு ஆள் வேண்டும். பறித்து முடிந்ததும் பலர் கையில் கிடைத்ததோடு ஊருக்குத் திரும்பி நடந்தார்கள். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டு, காலப்போக்கில் அந்தப் பயிரே ஏறக்குறைய அழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். தேயிலைக்குப் பருவம் கிடையாது, ஆண்டு முழுக்கக் கொழுந்து வரும். திரும்பிப் போகும் மாதம் அதோடு இல்லாமல் போனது. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களே நிரந்தர வீடுகளாயின. நான் பிறந்தது அப்படி ஒரு லயத்தில்.

கொழுந்து ஆண்டு முழுக்க வந்தாலும் ஒரே அளவில் வராது. கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் மழைக்குப் பிறகுதான் மலை கொழிக்கும். நீங்கள் படம் எடுக்க விரும்பும் அந்த நீலவானத்துப் பெப்ரவரியில் கொழுந்து குறைவு. நிறை எட்டாவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், விழும் என்ற பயத்தோடு என் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெயிலைப் பார்த்து எங்கள் வீட்டில் யாரும் நல்ல காலம் என்று சொன்னதில்லை. மாசியைச் சிபாரிசு செய்யும்போது இது எனக்கு நினைவு வராமல் இருப்பதில்லை. அதற்காகச் சிபாரிசை மாற்றிக்கொள்வதும் இல்லை. அம்மனுக்குத் தேர் அந்த மாதம்தான்.

தோட்டத்தில் இன்னும் சொந்தக்காரர் இருக்கிறவர்கள், அவர்களைப் பார்க்கத்தான் வருகிறோம் என்றால், மாதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கிழமையைப் பாருங்கள். வாரநாளில் போனால் வீட்டில் கிழவர்களும் கைக்குழந்தைகளும்தான் இருப்பார்கள்; மற்றவர்கள் மலையிலிருந்து இறங்க மாலையாகும். ஞாயிற்றுக்கிழமை போங்கள். ஒக்டோபராக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள், மூன்று மணிக்கு மேல் அந்த மண்பாதையில் வான் ஏறாது. போகும் முன் ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால், வந்தவர்களுக்குக் கோழி வாங்க யாராவது மறுபடி டவுனுக்கு இறங்க வேண்டியிருக்கும்.